வளரும் பிள்ளைகளுக்கான நிஜ வாழ்க்கைக் கதைகள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறோம். ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிறவர்கள் வருவார்கள். ராஜா, பேய், மாயக்கம்பளம் எதுவும் இல்லாமல், இன்றைக்கு இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு நடக்கக்கூடிய கதைகளைத்தான் அதிகம் எடுக்கிறோம். சிலவற்றை நாங்களே எழுதுகிறோம். கூட்டிக்கொண்டு வரும் அம்மா, அப்பா, பாட்டி, பள்ளி ஆசிரியர்கள், எழுத ஆசைப்படுகிறவர்கள் என்று பலரும் படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவையும் உண்டு.

நிஜ வாழ்க்கைக் கதைன்னா உண்மையா நடந்ததா இருக்கணுமா?

வேண்டாம். நடந்திருக்கலாம் என்று படிக்கிறவர் நம்பினால் போதும். செழியன் என்று ஒரு பையன் இருக்கிறானா என்று யாரும் தேடப் போவதில்லை. ஆனால் அவன் ஏறுகிற டவுன் பஸ், அவன் அம்மா ரேஷன் கடையில் நிற்கிற வரிசை, அவன் வாத்தியார் அதட்டுகிற தொனி எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்த உலகமாக இருக்க வேண்டும். அங்கே ஒன்று பிசகினாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கதையில் ஆடி மாதத்தில் மாம்பழம் குவிந்து கிடப்பதாக எழுதியிருந்தது. "ஆடிக்கு ஏதுங்க மாம்பழம், சீசன் முடிஞ்சிருக்குமே" என்று உடனே குரல் வந்தது.

எந்த வயசுக்கு இது?

பதிப்பாளர்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பத்திலிருந்து பதின்மூன்று வரைக்கும் சரியாகப் பொருந்துகிறது. பிள்ளைகளுக்குத் தங்களைவிட ஓரிரு வயது மூத்த நாயகன், நாயகிதான் பிடிக்கும். பத்து வயதுக்காரர் பன்னிரண்டு வயதுக்காரியைப் பற்றிப் படிப்பார்; பன்னிரண்டு வயதுக்காரரிடம் எட்டு வயதுப் பையன் கதையைக் கொடுத்தால் "இது சின்னப் பசங்களுது" என்று திருப்பித் தந்துவிடுவார்.

மந்திரம், பேசுற நரி எல்லாம் இல்லாம படிப்பாங்களா?

இரண்டையும் படிப்பார்கள். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா காலத்திலிருந்து நம் வீடுகளில் பிள்ளைக்கதை என்றாலே வேதாளமும் ராஜகுமாரியும் என்று பழகிவிட்டது. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் மந்திரக்கோல் இல்லாத பிரச்சினை ஒன்று பிள்ளையின் வீட்டில் இருக்கும்போது, மந்திரக்கோல் இல்லாத கதையும் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

வளர்றதுன்னா வயசுக்கு வர்றதுதானே? அதைப் பத்தித்தான் எல்லாக் கதையுமா?

அதுவும் ஒன்று, அவ்வளவே. உடம்பில் மாற்றம் தொடங்குவது பெண் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள், பையன்களுக்கு ஒன்பதிலிருந்து பதினான்குக்குள். அந்த வயதில் உடம்போடு சேர்ந்து வேறு பலதும் நகர்கிறது. அதில் பாதியைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஜூன் மாதம் ஆறாவதில் சேர்ந்த பிள்ளைக்கு அது கிடையாது. மூன்றாவது படிக்கும் தங்கை பள்ளியில் சுடச்சுட ரவா கிச்சடி சாப்பிடுவாள். அக்கா பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இல்லையென்றால் சாப்பிடாமலே, முதல்முறையாகத் தனியாக டவுன் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போவாள். "நீ பெரிய பிள்ளை ஆயிட்டே" என்று அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலியான தட்டுதான் சொல்கிறது. இதை ஒருவர் எழுதிக்கொண்டு வந்தபோது வழக்கமாகச் சளசளக்கும் கூட்டம் சத்தமே போடவில்லை. ஆறாவது படிக்கிறவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் இருக்கிறது. ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி மெட்ரிக் பள்ளிக்கு மாறிப் போவது, பாட்டி பேர் மறந்து அத்தை பேர் சொல்லிக் கூப்பிடுவது, குரல் உடைந்து பிரார்த்தனைப் பாட்டில் வாயை மட்டும் அசைப்பது, அப்பா பயப்படுவதை முதன்முதலாகப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் பெரியது. வீட்டில் புலி மாதிரி இருக்கிற மனிதர் வேறொரு இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவதைப் பார்க்கிற நாளில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

எங்க ஊர்ல என்ன கதை இருக்குங்க? கதைன்னா சென்னையிலதானே நடக்கும்?

இதைக் கேட்டது ஏழாவது படிக்கும் பிள்ளை. பாடப் புத்தகமும் சினிமாவும் அப்படி நினைக்க வைத்திருக்கின்றன. சேலத்தில் கதைக்குப் பஞ்சமே கிடையாது.

கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டின் முன்அறையே பட்டறையாக இருக்கும். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். கொலுசாகித் திரும்பும்போது மறுபடி நிறுப்பார். பேசிய சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். அதனால் பட்டறையைப் பெருக்குகிற குப்பைகூட வீணாகாது. அராவும்போது விழுந்த வெள்ளித்தூள் அதில் இருக்கும் என்று டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். எங்கள் கதை ஒன்றில் பனிரெண்டு வயதுச் செழியனுக்கு அந்தப் பெருக்கும் வேலை. தினமும் ஒரு சிட்டிகை தூளைத் தீப்பெட்டியில் ஒதுக்கி வைக்கிறான், கிரிக்கெட் மட்டை வாங்க. ஒரு நாள் அப்பாவோடு கடைக்குப் போகிறான். தராசில் எடை இடிக்கிறது. வீட்டில் அதிர அதிரப் பேசுகிற அப்பா, "அடுத்த தடவை சரி பண்ணிடறேனுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். திரும்பி வரும் வழியில் மகனுக்கு மட்டும் ஒரு தட்டுவடை செட் வாங்கித் தருகிறார். தனக்கு வாங்கவில்லை. அன்று ராத்திரி தீப்பெட்டியில் இருப்பதை டப்பாவில் கொட்டுகிறான் செழியன். மறுநாள் காலை டப்பாவைத் தூக்கிப் பார்த்த அப்பா, "இன்னிக்கு நல்லாப் பெருக்கியிருக்கியே கண்ணு" என்கிறார். அத்தோடு கதை முடிகிறது. இந்தக் கதையைக் கீழே பல இடங்களில் தொடுவேன்.

ஆத்தூர்ப் பக்கம் போனால் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். குச்சிக்கிழங்கு லோடு வருகிற நாட்களில் அந்தப் புளித்த வாடை பள்ளிச் சீருடையில்கூட ஏறிவிடும். அந்த வாடையைச் சொல்லித்தான் ஒரு பிள்ளையை வகுப்பில் கிண்டல் செய்வார்கள். ஆடியில் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை; சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் ஊர்வலம் வருவார்கள். போன வருடம் வரை தெருவில் நின்று பார்த்த பையன் இந்த வருடம் முகத்தில் சாயம் பூசி, முருகனாக வண்டியில் நிற்கிறான். கீழே நிற்கும் சிநேகிதனைப் பார்த்துச் சிரிக்கலாமா, சாமி சிரிக்கக் கூடாதா? அந்த ஒரு தயக்கத்தில் ஒரு முழுக்கதை இருக்கிறது. யாராவது எழுதுங்கள்.

அப்போ ஏற்காட்டுல வெச்சு எழுதினா ஜில்லுனு நல்லா இருக்குமே?

மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்த கையோடு வருகிற கேள்வி இது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, படகில் ஒரு சுற்று சுற்றி, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்குகிற கதை நிறைய வருகிறது. அது சுற்றுலாக் கட்டுரை. அதில் யாரும் வளரவில்லை, வாந்தி எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சேர்வராயன் மலையில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு அந்த வளைவுகள் வேறு. அங்கே பல கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதியவர்களும் உண்டு.) 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றைக்கும் மலையின் வருடத்தை நடத்துகிறது. பழம் பறிக்கும் மாதங்களில் அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவார்; தம்பியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு மூத்த பிள்ளைக்கு வரும். தோட்டத்துக்குள் காட்டுமாடு நின்றால் பள்ளிக்குச் சுற்றிப் போக வேண்டும், தாமதத்துக்குத் திட்டும் வாங்க வேண்டும். மேல்வகுப்புக்காக விடுதியில் சேர சேலத்துக்கு இறங்குகிற பிள்ளை, முதல் மாதம் வெயிலிலும் சத்தத்திலும் தூங்காமல் கிடக்கும். இதே மலையில் 1917-லிருந்து மான்ஃபோர்ட் பள்ளி மாதிரி உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. எங்கிருந்தோ கார்களில் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். ஒரே பனிமூட்டத்தில் ஒரு பிள்ளை ஏறுகிறது, ஒரு பிள்ளை இறங்குகிறது. ஏற்காட்டில் கதை வைக்க ஆசைப்பட்டால், மலையில் இருப்பவர் கண்ணில் சேலம் எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கடைசியில நீதி இருக்கணுமில்லைங்க? இல்லைன்னா எதுக்குக் கதை?

ஆசிரியர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். செழியன் கதையைக் கேட்ட ஒருவர், "திருடுவது தவறு என்று செழியன் உணர்ந்தான்னு ஒரு வரி சேர்த்துடுங்களேன்" என்றார். சேர்க்கவில்லை. ஏனென்றால் கதை முடிந்ததும் பிள்ளைகள் ஆரம்பித்த சண்டை அந்த ஒரு வரியில் அணைந்திருக்கும். குப்பையில் கிடந்ததை எடுத்தது திருட்டா என்று ஒரு கட்சி. அப்பா பொருள் தன் பொருள்தானே என்று ஒரு கட்சி. மூலையில் இருந்த பிள்ளை, "அவங்க அப்பாவுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னார்" என்றது. அதற்குப் பிறகு கதையை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள்.

நீதி கதைக்குள் இருக்கிறது. அதைச் சொல்கிற வேலையை மட்டும் கதாசிரியர் செய்ய வேண்டாம் என்கிறேன். நான் கதை தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: பெரியவர் யாரும் சொல்லாமல், பிள்ளை தானாக முடிவு செய்து ஒரு காரியம் செய்கிறதா? தூளைத் திருப்பிக் கொட்டச் செழியனிடம் யாரும் சொல்லவில்லை. தாத்தாவோ வாத்தியாரோ கடைசிப் பக்கத்தில் வந்து பிரச்சினையைத் தீர்த்துவைக்கிற கதையில் வளர்ந்தவர் தாத்தாதான்.

குடிக்கிற அப்பா, கடன், சண்டை... இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு? பாவம் இல்லையா?

வீட்டில் அது இல்லாத பிள்ளைக்கு அது ஒரு கதை. இருக்கிற பிள்ளைக்கு, தன் வீடு மட்டும் அப்படி இல்லை என்று தெரிகிற இடம். இரண்டாமவருக்காகவே அந்தக் கதைகள் வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். அடி, உதை, ரத்தம் என்று விவரிக்கத் தேவையில்லை. பிள்ளையின் உயரத்திலிருந்து என்ன தெரியும், என்ன கேட்கும் என்று மட்டும் எழுதினால் போதும்: ராத்திரி கேட் சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கணக்குப் போடுவது, தங்கையை முன்னதாகவே தூங்க வைப்பது, குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருகிற கிழமையில் "அம்மா இல்லைங்க" என்று சொல்லப் பழகுவது. அதோடு, அந்தப் பிள்ளைக்குக் கதைக்குள் ஒரு ஆளாவது துணை இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, சத்துணவு சமைக்கிற ஆயா, யாராவது. தீர்த்துவைக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

பொண்ணு பெரியவளான கதையைப் பையங்க முன்னாடி வாசிக்கலாமா?

வாசிக்கலாம். வாசிக்கிறோம். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள், சிரிப்பார்கள், ஒருவன் தண்ணீர் குடிக்கப் போவான். பிறகு கேட்பார்கள்.

சடங்கைப் பற்றிய கதைகளில் மண்டபம், பட்டுப்பாவாடை, சீர்த்தட்டு, பிளக்ஸ் பேனர் எல்லாம் வரும், பெண் பிள்ளை என்ன நினைத்தாள் என்பது மட்டும் வராது. நாங்கள் வாசித்த ஒன்றில் அந்தப் பிள்ளையின் ஒரே கவலை, பேனரில் தன் போட்டோவைப் போட்டுப் பள்ளிக்குப் போகிற முக்கில் கட்டிவிடுவார்களே என்பதுதான். மாமாவிடம் நேரே போய், "எனக்குப் பேனர் வேண்டாம் மாமா" என்கிறாள். விழா நடக்கிறது, பேனர் இல்லை. அந்தக் கதை முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "எங்க அக்காவுக்குக் கட்டினாங்களே, அவ அழுதாளா?" வீட்டில் போய்க் கேள் என்றேன்.

என் பையன் கதை கேட்டு அழுதுட்டான். அடுத்த வாரம் அனுப்பலாமா?

அனுப்புங்கள். எதற்காக அழுதான் என்று மட்டும் துருவாதீர்கள். தானே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து சில நாள் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை என்றால் அது வேறு. அதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

தறியில வேலை செய்யற பிள்ளையைக் காட்டினா, குழந்தைத் தொழிலாளர்னு பிரச்சினை வராதா?

கதையில் காட்டுவதும் ஆதரிப்பதும் ஒன்றல்ல. 1986-ல் வந்து 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, குடும்பத்தாருக்கு ஆபத்தில்லாத வேலையில் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. ஆபத்தான தொழில் என்றால் அந்த விலக்கும் கிடையாது. எழுதுகிறவருக்கு இந்தக் கோடு தெரிந்திருக்க வேண்டும், கதையில் சட்டப்பிரிவு வர வேண்டாம்.

இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. தார் சுற்றத் (தறிக்கு நூலைக் குழலில் சுற்றுவது) தெரியாத பிள்ளை குறைவு. அதை வெறும் கொடுமையாக எழுதினால் அவர்கள் தங்கள் வீட்டை அதில் பார்க்க மாட்டார்கள். "குடும்பத்துக்கு உதவும் நல்ல பிள்ளை" என்று எழுதினால் பொய்யாகிவிடும். கை வேகத்தில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பெருமை, வீட்டுப்பாடம் முடிக்காமல் முதல் பீரியடில் எழுந்து நிற்கிற அவமானம், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

பேச்சுத் தமிழ்ல எழுதினா பரீட்சையில தப்பு வராதா?

வராது. பிள்ளைகள் அவ்வளவு ஏமாளிகள் கிடையாது. வீட்டில் ஒன்று, வாத்தியாரிடம் ஒன்று, சிநேகிதரிடம் ஒன்று என்று மூன்று விதமாக இப்போதே பேசுகிறவர்கள். நெசவுக் குடும்பங்களில் பலர் வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுத் தெருவுக்கு வந்ததும் தமிழுக்கு மாறுகிறார்கள்.

நாங்கள் கடைப்பிடிப்பது எளிது. கதை சொல்வது எழுத்து நடையில், பேசுவது பேச்சு நடையில். செழியன் அப்பா "அடுத்த முறை சரிசெய்துவிடுகிறேன் ஐயா" என்று சொல்லியிருந்தால் அந்தத் தராசுக் காட்சியே செத்திருக்கும்.

என் சின்ன வயசுக் கதையை எழுதினா போதாதா? அதுவும் நிஜம்தானே?

நிஜம்தான். யாருக்கு என்பதுதான் கேள்வி. எழுதத் தொடங்குகிற பெரியவர்கள் பெரும்பாலும் கமர்கட், பம்பரம், ஏரிக்குளியல், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் வளைவு தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர்.; பேரனுக்கு பஸ் போகிற வழியில் ஒரு பழைய கட்டுமானம். "அந்தக் காலத்துல நாங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்" என்கிற ஏக்கம் நாற்பது வயதுக்காரருக்கான இலக்கியம்.

பழைய காலத்தில் வைத்தே எழுதலாம், தவறில்லை. அப்போது பன்னிரண்டு வயதில் உங்களுக்கு என்ன புரியவில்லையோ அதை எழுதுங்கள். எது இனித்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன் வர்ற கதை வேண்டாமே, அதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறாங்க?

போன் இல்லாத ஆறாம் வகுப்புக் கதை இன்றைக்கு மாயாஜாலக் கதை. வகுப்புக் குழுவிலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் நீக்கிவிடுவது, அம்மா போனில் வந்த செய்தியைத் தெரியாமல் படித்துவிடுவது, யாரோ எடுத்த போட்டோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிச் சுற்றுக்கு விடுவது எல்லாம் அவர்கள் வாழ்க்கையின் உண்மையான கண்டங்கள். போன் கெட்டது என்று எழுதத் தொடங்கினால் மட்டும் மேலே நீதி பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

சாதியை எழுதணுமா, வேண்டாமா?

பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரை வீட்டுக்குள் கூப்பிடுகிறோம், யாரைத் திண்ணையோடு அனுப்புகிறோம், பிறந்தநாளுக்கு எந்தச் சிநேகிதரின் பேரைச் சொன்னதும் பாட்டி முகம் மாறுகிறது என்பதெல்லாம் பத்து வயதுக்குள் மனப்பாடம். நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைத் தடைசெய்வது வரை பரிந்துரை செய்தது. அப்படி இருக்கும்போது கதையில் மட்டும் எல்லோரும் எந்த வித்தியாசமும் இல்லாமல் பழகுவதாக எழுதினால், படிக்கிற பிள்ளை நம்மைப் பொய்யர் பட்டியலில் சேர்த்துவிடும்.

என் விருப்பம்: ஊர்ப்பெயரையும் சாதிப்பெயரையும் சொல்லி ஒரு தரப்பை முத்திரை குத்துவதைவிட, செயலைக் காட்டுவது. தண்ணீர் கேட்ட சிநேகிதனுக்கு அம்மா வேறு டம்ளரில் தருகிறார். மகன் அதைப் பார்க்கிறான். அடுத்த முறை அவனே எழுந்துபோய்த் தன் டம்ளரில் கொண்டுவந்து கொடுக்கிறான். அம்மா பார்க்கிறார். யாரும் பேசவில்லை. என்னோடு கூட வாசிக்கிறவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பெயரைச் சொல்லாமல் விடுவதே ஒரு தப்பித்தல் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் எழுதிய கதையில் பெயர் இருக்கிறது. அதையும் வாசித்தோம்.

முடிவு சந்தோஷமா இருக்கணுமா?

கதவை அறைந்து சாத்தாமல் இருந்தால் போதும். செழியனுக்கு மட்டை கிடைக்கவில்லை, பிடித்தம் போன கூலியும் திரும்பவில்லை. ஆனாலும் அந்தக் கதை சோகம் என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. மட்டை எப்போது வாங்குவான் என்றுதான் கேட்டார்கள்.

நானே எழுதலாம்னு இருக்கேன். எங்கிருந்து தொடங்கறது?

பிள்ளையிடம் ஒரு ரகசியத்தையோ ஒரு பொறுப்பையோ கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தீப்பெட்டி ஒரு ரகசியம். தம்பியைப் பார்த்துக்கொள்வது ஒரு பொறுப்பு. இடத்தை முதலிலேயே வருணிக்க வேண்டாம், பிள்ளை நடக்கும்போது தெரிந்தால் போதும். எழுதியதை ஏழாவது படிக்கிற யாரிடமாவது சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். அவர் எங்கே வேகமெடுத்துத் தாண்டுகிறாரோ அங்கே நீங்கள் உபதேசம் செய்திருப்பீர்கள்.

பிள்ளைகளுக்கே எழுத ஆசை இருந்தால், பள்ளிக்கல்வித் துறை நடத்தும் தேன்சிட்டு இதழ் ஆறிலிருந்து ஒன்பதாவது படிப்பவர்களுக்கானது. ஊஞ்சல் நான்காவது, ஐந்தாவதுக்கு. வகுப்பாசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நடந்ததை அப்படியே எழுதலாமா? பேரை மட்டும் மாத்திட்டு?

பெயரை மாற்றினால் போதாது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவில் நடந்ததை, தொழிலையும் வீட்டையும் மாற்றாமல் எழுதினால் இரண்டே நாளில் யாரென்று தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையின் வகுப்பிலேயே புத்தகம் போய்ச் சேரும். பெண்ணைப் பையனாக்குங்கள், பட்டறையைச் சேகோ ஆலையாக்குங்கள், நடந்த சம்பவத்தையே மாற்றுங்கள். உங்களை உலுக்கிய உணர்ச்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாத அளவுக்குச் சம்பவம்தான் கதை என்றால், எழுதாமல் விடுங்கள். சொந்தப் பிள்ளை விஷயத்திலும் இதேதான். எட்டாவது போகும்போது அதையும் படிக்கப் போகிறவர் அவர்.

கதை முடிஞ்சதும் ஒரு பிள்ளை வந்து "எனக்கும் இப்படி நடந்துச்சு"ன்னா என்ன செய்யறது?

இது இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமானது. கஷ்டமான கதை வாசிக்கிற எவரும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். முதலில், கூட்டத்தின் நடுவில் பேசவிடாமல் தனியாக, ஆனால் மற்றவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கேளுங்கள். "நீ ஏன் முன்னாடியே சொல்லலை" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

சிநேகிதர் சண்டை, மார்க் பயம் மாதிரி என்றால் கேட்பதே பெரும்பாலும் போதுமானது. வீட்டில் அடி, பட்டினி, கல்யாணப் பேச்சு, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொடுவது என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே நேராகப் பேசலாம். பாலியல் தொந்தரவு என்றால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம், ஊர்ப்பேச்சு என்று தள்ளிப்போட அந்தச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்ப நாமே விசாரிக்க வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்தால் எப்போதும் போல இடம் போட்டுக் கொடுங்கள், கதை பற்றி மட்டும் பேசுங்கள். 1098 எண்ணை எங்கள் மாடிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளைகளின் கண் உயரத்தில்.